மதனசிங்கனின் கடைசி அத்தியாயம்

திருத்தணியில் முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டிய பெண் காஞ்சனா. அவள் தகப்பனார் ராஜகோபால் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. தாய் இல்லாத வீடு. மத்தியானச் சாப்பாட்டை எடுத்துப் போக ஆள் கிடையாது. "நானே கொண்டாறேன், நைனா" என்று சொல்லிவிட்டு, அவருடைய பழைய சைக்கிளில் ஏறி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, ஒரு வழியாகப் பழகிவிட்டாள். கேரியரில் தூக்குச்சட்டியைக் கட்டி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவெயிலில் ஸ்டேஷன் ரோட்டில் போவாள். ஜட்கா வண்டிக்காரர்கள் குதிரையை நிறுத்திப் பார்ப்பார்கள். அவள் மணியடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அப்படிப் போகிறவளுக்குப் பக்கத்தில் ஒரு நாள் ஒரு வெள்ளைக் குதிரை வந்து சேர்ந்தது. அதன்மேல் கோதண்டபாணி. ஊருக்குத் தெற்கே இருந்த மிட்டாவுக்கு, அந்தச் சின்ன ஜமீனுக்கு, ஒரே வாரிசு. மிட்டாதார் இறந்த பிறகு தாய் கௌரியம்மாள்தான் நிலத்தை ஆண்டாள். மகன் குதிரையையும் ஜவ்வாதையும் ஆண்டான். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த ஒரு தழும்பு, விரலில் பச்சைக்கல் மோதிரம், உதட்டில் எந்நேரமும் ஒரு சீழ்க்கை. மெட்ராசில் அவனுக்கு யார் யாரோ இருக்கிறார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. பேசியவர்கள் குரலில் கண்டனத்தைவிடப் பொறாமைதான் அதிகம் இருந்தது.

"இந்த ஊர்ல என் குதிரைக்கு ஈடு குடுக்கிறது உன் சைக்கிள் ஒண்ணுதான்" என்றான் அவன்.

"உங்க குதிரைக்கு மூச்சு வாங்குது. மொதல்ல அதுக்குத் தண்ணி காட்டுங்க" என்றாள் அவள்.

அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவள் விழுந்தாள். அதன் பிறகு குதிரையும் சைக்கிளும் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரை சேர்ந்தே போய்வந்தன. ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆனால் அவன் ராஜகோபாலிடம் முறையாக வந்து பெண் கேட்டான். "அம்மா எதிர்த்தா எதிர்க்கட்டும், ஒலகமே எதிர்த்தாலும் காஞ்சனாவ நான் வுட மாட்டேன்" என்று மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொன்னான். 1939-ல், தை மாதம், மலைமேல் முருகன் சந்நிதியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

முகூர்த்த நேரம் வந்தது; மாப்பிள்ளை வரவில்லை. நாதஸ்வரக்காரர் வாசித்த ராகத்தையே மறுபடி மறுபடி வாசித்தார். ராஜகோபால் படிக்கட்டின் உச்சியில் போய் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். உறவுக்காரர்கள் காதோடு காதாகப் பேச ஆரம்பித்தபோது காஞ்சனா மணையிலிருந்து எழுந்தாள். கூரைப்புடவையோடு படி இறங்கி, கிடைத்த ஜட்காவில் ஏறி, நேராக மிட்டா வீட்டுக்குப் போனாள்.

வாசலில் கௌரியம்மாள் நின்றாள். "அவன் மெட்ராசுக்குப் போய்ட்டாம்மா. நீ வூட்டுக்குப் போ."

காஞ்சனா அவளைத் தாண்டி உள்ளே நடந்தாள். கூடம், முற்றம், அடுப்பங்கரை. அடுப்பங்கரைக்கு மேலே மரப் பரண். ஊறுகாய் ஜாடிகளுக்கும் புளிப் பானைகளுக்கும் நடுவிலிருந்து நலங்கு வைத்த இரண்டு பாதங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்னா பண்றீங்க அங்க?"

"அம்மா ஏணிய எடுத்துட்டாங்க" என்றது கோதண்டபாணியின் குரல்.

"குதிங்க. நான் கீழ நிக்கிறேன். ஜட்கா வாசல்ல இருக்குது."

பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக அவன் எட்டிக் கீழே பார்த்தான். அடுப்பு மேடைமேல் ஏறினால் கைக்கு எட்டிவிடும், அவ்வளவு உயரம்தான்.

"ஒசரமா இருக்குது, காஞ்சனா. கால் ஒடைஞ்சிடும்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பாதங்கள் இரண்டும் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டன.

அந்த வாரமே கோதண்டபாணி மெட்ராசுக்குப் போய்விட்டான். போவதற்கு முன்னால் சீட்டாடும் சிநேகிதர்களிடம், "பாத்தாச்சு, பழகியாச்சு, போதும்னு வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஊர் அதை நம்பியது. குதிரையில் வருகிறவன் அப்படித்தான் செய்வான் என்று ஊருக்கு முன்பே தெரியும். ராஜகோபால் ஊராரின் முகத்தைப் பார்க்க முடியாமல் அரக்கோணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, விடியலில் ரயிலேறி விளக்கு வைக்கும்போது திரும்பிவந்தார். காஞ்சனா பரணில் பார்த்ததை அவரிடம்கூடச் சொல்லவில்லை. ஊர் சொன்ன கதையையே தன் கதையாக வைத்துக்கொண்டாள்: ஒரு பெரிய போக்கிரி வந்தான், ஆசை காட்டினான், அழித்துவிட்டுப் போனான். அவனைப் பழிவாங்க வேண்டும் என்ற நினைப்போடு தூங்கினாள், அதே நினைப்போடு எழுந்தாள்.

அதற்கு வழி மூன்று வருஷம் கழித்து ரயில் வேகனில் வந்து இறங்கியது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் காலியான சமயம். வரதராஜன் என்ற அச்சாபீஸ்காரர், காலால் மிதிக்கும் ட்ரெடில் மெஷினையும், ஈய எழுத்துகள் நிறைந்த மரப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, மகள் அம்சாவையும் அழைத்துக்கொண்டு திருத்தணிக்கு வந்து சேர்ந்தார். சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பிடித்து, 'கதைக்கொடி' என்ற தம் வாரப் பத்திரிகையை அங்கிருந்தே நடத்த ஆரம்பித்தார். அச்சுக்கோப்பவர்கள் எல்லாம் அவரவர் ஊருக்கு ஓடியிருந்தார்கள். காஞ்சனா போய் வேலை கேட்டாள்.

"பொம்பளைங்க இந்த வேலைக்கு வர்ற வழக்கம் இல்லியேம்மா."

"வழக்கத்தப் பாத்துகினு இருந்தா உங்க பத்திரிகை வராதுங்க."

வந்தது. அவள் விரல்கள் சீக்கிரமே எழுத்துகள் இருக்கும் குழிகளைக் கண்டுகொண்டன. பிறகு ஒரு வாரம், தொடர்கதை எழுதுகிற பெரியவரிடமிருந்து கதை வரவில்லை. நாலு பக்கம் காலியாகக் கிடந்தது. வரதராஜன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் ஒண்ணு கோத்துப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, காஞ்சனா பெட்டி முன்னால் நின்றாள். காகிதம் இல்லை, பேனா இல்லை. மனதிலிருந்து நேராக ஈயத்தில் கோத்தாள். மாலையில் வரதராஜன் புரூஃபைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது! யார் இந்த மதனசிங்கன்?"

"ஒரு பாளையத்து இளவரசன், சார். சரியான போக்கிரி."

"பேர் இன்னான்னு போடறது?"

"அஞ்ஞாதன்னு போடுங்க. நான்தான்னு யாருக்கும் தெரிய வாணாம். அம்சாவுக்குக்கூட."

இப்படித்தான் 'மதனசிங்கன்' தொடங்கியது. ஆற்காட்டு நவாபு காலத்துக் கதை. கதாநாயகி மாதங்கி ஆண் உடை தரித்துக் குதிரை ஏறுவாள், வாள் வீசுவாள், அரண்மனைச் சபையில் எதிர்க்கேள்வி கேட்பாள். மதனசிங்கன் அவளுக்கு ஆசை காட்டி, மணமேடையில் தவிக்கவிட்டு, குதிரையோடு கோட்டை மதிலைத் தாண்டி, சிரித்துக்கொண்டே மறைவான். அவனுக்குக் காஞ்சனா இடது புருவத்தில் தழும்பு வைத்தாள். பச்சைக்கல் மோதிரம் போட்டாள். சீழ்க்கையும் கொடுத்தாள். ஊரே படிக்கட்டும், ஊரே அவனை அடையாளம் கண்டு காறித் துப்பட்டும் என்று ஒவ்வொரு வரியையும் பல்லைக் கடித்துக்கொண்டு கோத்தாள்.

ஊர் படித்தது. அடையாளமும் கண்டுகொண்டது. ஆனால் துப்பவில்லை.

சரவணப் பொய்கையில் துணி துவைக்கிற பெண்கள், அவன் மதில் தாண்டிய இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மாய்ந்துபோனார்கள். பொதட்டூர்பேட்டையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். அங்கே புதிதாக நெய்த ஒரு கைலிக்கு 'மதனசிங்கன் கட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மதனசிங்கனைக் கொன்றுவிடாதீர்கள், மாதங்கியோடு சேர்த்துவையுங்கள் என்று மெட்ராசிலிருந்தும் சேலத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. காஞ்சனா அவனை இன்னும் கொடியவனாக்கினாள். இரண்டு பெண்களை ஏமாற்றவைத்தாள், ஒரு கிராமத்தையே கொளுத்தவைத்தாள். கடிதங்கள் இரட்டிப்பாயின.

அடுத்து வந்தது கோதண்டபாணியே. சிநேகிதர்கள் சொல்லி, மெட்ராசில் பத்திரிகையை வாங்கிப் படித்திருக்கிறான். பட்டு ஜிப்பாவும் ஜவ்வாது வாசனையுமாக அச்சாபீஸ் வாசலில் ஜட்காவிலிருந்து இறங்கினான். சீழ்க்கை முன்னைவிடச் சத்தமாக இருந்தது.

"என்னை வெச்சுக் கதை எழுதுறாரே, யார் சார் அந்த மனுஷன்? நேர்ல பாத்து ஒரு பொன்னாடை போத்தணும்" என்று வரதராஜனிடம் சொன்னான். உள்ளே எழுத்துப் பெட்டி முன்னால் நின்ற காஞ்சனாவைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினான். பிறகு தழும்புள்ள புருவத்தைத் தூக்கினான். "அட, நீ இங்கியா இருக்கே? கையெல்லாம் மை." அவ்வளவுதான். அவளைத் தாண்டி, தாள் மடித்துக்கொண்டிருந்த அம்சாவின் மேல் அவன் கண் போய் நின்றது.

அதன் பிறகு அவன் அடிக்கடி வந்தான். கதை முடிகிறபோது சத்திரத்தில் விழா நடத்தி அஞ்ஞாதனுக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாக வரதராஜனிடம் சொன்னான். மதனசிங்கன் பேசிய வசனங்களை அப்படியே அம்சாவிடம் பேசினான். "பெண்ணே, மதில்கள் உயரமாவது கோழைகளுக்காக" என்று அவன் சொன்னதும் அம்சா தாள் மடிப்பதை மறந்தாள். பெட்டி முன்னால் நின்ற காஞ்சனா, கையிலிருந்த எழுத்தைத் தவறான குழியில் போட்டாள். அது அவள் கோத்த வரி.

மாசி மாதம் ஒரு மத்தியானம், வரதராஜன் வெளியே போயிருந்தபோது அம்சா அவளிடம் வந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வயசு முகம் பளபளத்தது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. கதை முடியறப்ப அவரு சத்திரத்துல விழா வெக்கிறாரு இல்ல, அது முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் ரயிலேறி திருப்பதிக்குப் போறோம். அங்க கல்யாணம்."

"அவன் எனக்குப் பண்ணது உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்க்கா. ஊரே சொல்லுதே." அம்சா கொஞ்சம் இரக்கத்தோடு அவள் கையைத் தொட்டாள். "கோச்சுக்காதீங்க. எல்லாரையும் வுட்டுட்டுப் போறவன்தான் கடைசில ஒருத்திக்கு அடங்குவான். மாதங்கி அப்படித்தானே நெனைக்கிறா? அந்த ஒருத்தி நீங்க இல்ல. அவ்ளோதான்."

அம்சா போன பிறகு காஞ்சனா எழுத்துப் பெட்டி முன்னால் போய் நின்றாள். அவன் குதிரையோடு மதில் தாண்டியதாக யார் சொன்னது? அவள்தான் சொன்னாள். பரண் மேலிருந்து குதிக்கப் பயந்தவனைக் கோட்டை மதிலைத் தாண்டவைத்தது அவள். எதற்காக? ஒரு மகா போக்கிரியால் கைவிடப்பட்டவள் என்று இருப்பதில் ஒரு கௌரவம் இருந்தது. ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் ஒளிந்தவனுக்காக நாலு வருஷம் வெந்துகொண்டிருந்தேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தால்தான் அவன் குதிரைமேல் திரிந்தான். போக்கிரியை ஊர் வெறுக்காது, மன்னிக்கும், கைலிக்குப் பெயர் வைக்கும். ஊர் மன்னிக்காதது வேறொன்று.

அம்சாவைக் காப்பாற்றவேண்டும் என்பது அப்போது அவள் மனதில் இரண்டாவதாகத்தான் இருந்தது. முதலாவது, கோதண்டபாணியைக் குதிரையிலிருந்து இறக்குவது. கூடவே தன் கௌரவமும் இறங்கும். இறங்கட்டும் என்று முடிவு செய்தாள்.

"கடைசி அத்தியாயத்த விழாவுல படிச்சிட்டு அப்புறம் அச்சு போடலாம், சார்" என்று வரதராஜனிடம் சொன்னாள். "அஞ்ஞாதனே வந்து படிப்பாரு."

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மலையடிவாரச் சத்திரத்தில் விழா நடந்தது. வாழைமரம், பன்னீர், சந்தனம் எல்லாம் கோதண்டபாணியின் உபயம். மேடையில் நடுநாயகமாக அவனே உட்கார்ந்திருந்தான். தாலுகா ஆபீஸ்காரர்கள், ஸ்டேஷன்காரர்கள், கடைக்காரர்கள், பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த நெசவாளிகள் என்று சத்திரம் நிரம்பிவிட்டது. ஞாயிறானதால் ராஜகோபாலும் மகள் வற்புறுத்தியதற்காக வந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். பெண்கள் பக்கத்தில், மகனுடைய பெருமையைப் பார்க்க வந்த கௌரியம்மாள் முதல் வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் அம்சா, மடியில் ஒரு துணி மூட்டையோடு.

"அஞ்ஞாதன் அவர்கள் மேடைக்கு வரணும்" என்று வரதராஜன் கூப்பிட்டார்.

காஞ்சனா எழுந்து போனாள். பொன்னாடையை விரித்துக்கொண்டு எழுந்த கோதண்டபாணியின் கைகள் அப்படியே நின்றன. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவள் பொன்னாடையைப் பார்க்கவே இல்லை. படிக்க ஆரம்பித்தாள்.

"மதனசிங்கன் மதிலைத் தாண்டினான் என்று இதுவரை எழுதியது பொய். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். மாதங்கி வெட்கத்தால் அப்படிச் சொல்லிக்கொண்டாள். நடந்ததை இப்போது சொல்கிறேன்."

அவள் மேலே படித்தாள். மணக்கோலத்தில் மாதங்கி அரண்மனைக்குள் நுழைந்தாள். லாயத்தில் தேடினாள், குதிரை புல் தின்றுகொண்டிருந்தது. ஆயுதசாலையில் தேடினாள், வாள் உறையில் கிடந்தது. கடைசியில் மடைப்பள்ளிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். மாங்காய் ஊறுகாய் ஜாடிக்கும் புளிப் பானைக்கும் நடுவில், நலங்கு வைத்த இரண்டு கால்கள்.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"'குதியுங்கள், நான் கீழே நிற்கிறேன்' என்றாள் மாதங்கி. மூன்று சீமைப் பெண்களும் ஏங்கிய மாவீரன் எட்டிப் பார்த்தான். 'உயரமாக இருக்கிறது மாதங்கி, கால் உடைந்துவிடும். மகாராணியார் ஏணியை எடுத்துவிட்டார்' என்றான்."

இப்போது நாலைந்து பேர் சிரித்தார்கள். பார்வைகள் கோதண்டபாணி பக்கம் திரும்பின. அவன் முகம் வெளுத்திருந்தது. "பொய்! எல்லாம் பொய்!" என்று கத்தினான். "அது... எங்கம்மாதான் ஏணிய..."

அதற்குள் கௌரியம்மாள் எழுந்துவிட்டாள். இத்தனை பேர் நடுவில் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று தன்னைக் காட்டியதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"நானாடா எடுத்தேன்? நானா?" அவள் குரல் சத்திரத்தின் மறுகோடி வரை கேட்டது. "அந்தப் பொண்ணு எனக்குச் சம்மதந்தான், போய்க் கட்டிக்கன்னுதானே நான் சொன்னேன். 'எனக்குப் பயமா இருக்குது, அவ வந்தா மேல ஏறிடுவா, ஏணிய எடுத்துடும்மா'ன்னு சொன்னது நீதானேடா!"

சத்திரம் வெடித்துச் சிரித்தது. தாலுகா ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள், நெசவாளிகள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள், பன்னீர் தெளித்தவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "ஏணி கொண்டாங்கப்பா, சின்ன மிட்டாதார் மேடைலேந்து எறங்கணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கோதண்டபாணி பொன்னாடையை எறிந்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

காஞ்சனா சிரிக்கவில்லை. கௌரியம்மாள் சொன்னது அவளுக்கும் புதிது. அவன் வர நினைத்தான், தாய் தடுத்துவிட்டாள் என்று உள்ளே எங்கோ ஒரு மூலையில் அவள் நம்பியிருந்தாள். அவளைப் பார்த்து, அவள் ஏறிவந்துவிடுவாளோ என்று பயந்துதான் அவன் ஏணியை எடுக்கச் சொல்லியிருக்கிறான். மேஜையைப் பிடித்துக்கொண்டு, மீதி அத்தியாயத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

வெளியே ராஜகோபால் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என்கிட்டகூடச் சொல்லலியே?"

"சொன்னா நீயும் சிரிச்சிடுவியோன்னு பயமா இருந்தது, நைனா."

அவர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "மாங்கா ஊறுகாயா?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வர, மலையடிவாரத்தில் நின்று சிரித்தார். அவர் சிரித்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அம்சா அன்றைக்கு ரயிலேறவில்லை. ஆனால் காஞ்சனாவோடு பேசவும் இல்லை. தாள்களை மடித்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒரு நாள் மட்டும் வாசலில் நின்று, "என்கிட்டத் தனியா சொல்லிருக்கலாம் இல்லக்கா? என்னையும் சேத்துத்தானே எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள். தனியாகச் சொல்லியிருந்தால் அம்சா நம்பியிருக்க மாட்டாள் என்பது உண்மை. தனியாகச் சொல்லக் காஞ்சனாவுக்கு விருப்பமில்லை என்பதும் உண்மை.

கடைசி அத்தியாயம் வெளிவந்ததும் வசவுக் கடிதங்கள் வந்து குவிந்தன. வரதராஜன் ஒவ்வொன்றையும் படித்துப் பெருமூச்சு விட்டார். பொதட்டூர்பேட்டையில் கைலி அதேதான், ஆனால் 'மதனசிங்கன் கட்டம்' என்ற பெயர் 'ஏணிக் கட்டம்' என்று மாறிவிட்டது. கோதண்டபாணி ஜட்காவில் போனால் தெருப் பிள்ளைகள் "ஏணி! ஏணி!" என்று கூவிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். அவன் சீழ்க்கை அடிப்பதை நிறுத்திவிட்டான்.

சித்திரை வெயிலில் ஒரு காலை, பத்திரிகைக் கட்டுகளை மெட்ராஸ் ரயிலில் ஏற்றுவதற்காகக் காஞ்சனா ஸ்டேஷனில் நின்றிருந்தாள். கோதண்டபாணி இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு வந்தான். ஊரைவிட்டே போகிறான் என்று தெரிந்தது. அவளைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தான். பிறகு அருகில் வந்தான்.

"கதைலதானே பழிவாங்கினே? வாளால குத்திக் கொன்னிருக்கலாம் இல்ல? இப்படிப் பண்ணிட்டியே."

"வாளால செத்திருந்தா உனக்காக ஊரே அழுதிருக்கும்" என்றாள் அவள். இதுவரை அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள். "உனக்காக யாரும் அழக் கூடாது."

"உனக்கு மனசே கெடையாதா?"

"இருந்தது. அத வெச்சுகினு பரணுக்குக் கீழ நின்னேன்."

அவன் மோதிரத்தைத் திருகப் போய், கையை இழுத்துக்கொண்டான். ரயில் வந்து நின்றது. வண்டியின் படி பிளாட்பாரத்திலிருந்து சற்று உயரமாக இருந்தது. அவன் ஏறும்போது, பெட்டி தூக்கிவந்த போர்ட்டர் வாயைக் கையால் மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

வண்டி புறப்பட்டுப் போனது. காஞ்சனா பார்சல் ரசீதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. நல்ல பசியாக இருந்தது. ஸ்டேஷன் வாசலில் பூவம்மாள் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து, தேங்காய்ப்பால் ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மைக் கறை படிந்த விரல்களைக் கழுவிக்கொண்டு அச்சாபீசுக்கு நடந்தாள்.